மூன்று நிமிடப் பேச்சு

1-10-2025, புதன்

ஆயுத பூஜை. ரிட்டயர் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பழைய பட்டறையில் பூஜைக்கு என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். முதலாளி போய் மகன் காலம் நடக்கிறது. எல்லாம் சி.என்.சி. மயம். மூலையில் ஒரே ஒரு பழைய லேத்தை அவசர ஜாப்புக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் சக்கில் மூன்று தாடைக்கும் நானே சந்தனம் குங்குமம் வைத்தேன். எவ்வளவு துடைத்தாலும் கூலண்ட் வாடை போகாது. அந்த வாடையும் சந்தனமும் கலந்து மூக்கில் ஏறினால்தான் எனக்கு ஆயுத பூஜை.

பேரனும் வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு, காலாண்டு லீவு. பொரியைக் கொறித்துக்கொண்டே, "இந்த எஸ்டேட்டை யாரு கட்டினது தாத்தா?" என்றான். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "காமராஜர்தான், வேற யாரு?" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எஸ்டேட் வந்தது 64-ல. அப்ப முதலமைச்சர் பக்தவத்சலம். தொழில் மந்திரி ஆர். வெங்கட்ராமன்" என்று சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் சிரித்தார். அடித்தளம் காமராஜர் காலத்தது என்று அவர் வாதாடியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அவருக்குப் பக்தவத்சலம் என்ற பெயரே தட்டுப்படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திரும்பி வரும்போது பையன் விஷயத்தைச் சொன்னான். 9-ம் தேதி பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. 'நம் பகுதி விடுதலை வீரர்', மூன்று நிமிடம். வகுப்பில் பாதிப் பேர் பாரதியாராம், நாலு பேர் கட்டபொம்மன். அம்பத்தூர் எப்போது பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்ந்தது என்று தெரியவில்லை.

"நீ பக்தவத்சலத்தைப் பேசு. பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்."

"பெருமாள் பேரு மாதிரி இருக்கே தாத்தா."

2-10-2025, வியாழன்

ஒரே தேதியில் எத்தனை! காந்தி ஜெயந்தி, விஜயதசமி. காமராஜர் போய் இன்றோடு ஐம்பது வருஷம். 1963-ல் இதே அக்டோபர் 2-ம் தேதிதான் பக்தவத்சலம் முதலமைச்சரானார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்று காமராஜர் ஒரு திட்டம் போட்டு, முதல் ஆளாகத் தானே இறங்கினார். அந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்தார். அதனால்தானோ என்னவோ, இவர் எதைச் செய்தாலும் அது காமராஜர் கணக்கில் ஏறியது. கெட்ட பெயர் மட்டும் சொந்தக் கணக்கில் நின்றது.

பையனுடைய லாங்சைஸ் நோட்டில் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். 1897 அக்டோபர் 9, நசரத்பேட்டையில் பிறப்பு. சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். உறவுக்காரர்கள் வளர்த்தார்கள். அதில் ஒருவர் சி.என். முத்துரங்க முதலியார், அவரே பெரிய காங்கிரஸ்காரர். சட்டப் படிப்பு முடித்து 1923-ல் உயர் நீதிமன்றத்தில் வக்கீல். வக்கீல் தொழில் ஓடியதைவிட ஜெயில் வாசல் அதிகம் ஓடியது. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் அடிபட்டார். 1932 ஜனவரி 26-ம் தேதி சுதந்திர தினம் கொண்டாடியதற்காக ஆறு மாதம் உள்ளே.

"ஜனவரி 26 குடியரசு தினம்தானே? தப்பாச் சொல்றீங்க" என்று பேனாவை மூடினான்.

நல்ல கேள்வி. லாகூர் காங்கிரஸில் முழு விடுதலைதான் லட்சியம் என்று தீர்மானம் போட்டபின், 1930-லிருந்து வருஷா வருஷம் ஜனவரி 26-ஐத்தான் சுதந்திர தினமாகக் கொண்டாடினார்கள். கிடைக்காத சுதந்திரத்துக்கு முன்கூட்டியே நாள் குறித்தவர்கள். நிஜமாகக் கிடைத்தது ஆகஸ்டில். பழைய தேதியை வீணாக்க மனசில்லாமல் குடியரசுக்கு வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் சொன்னதும் அவன் எழுதியது ஒரே வரி: 'அப்போது அதுதான் சுதந்திர தினம்.' என்னைவிடச் சுருக்கமாக எழுதுகிறான்.

மனசில் இன்னொரு ஜனவரி 26 வந்தது. அதை இன்று சொல்லவில்லை.

3-10-2025, வெள்ளி

நசரத்பேட்டை போய்வந்தோம். அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறி, வானகரம் வழியாகப் பூந்தமல்லி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மெட்ரோ வேலையில் பூந்தமல்லி ரோடு புழுதியாகக் கிடக்கிறது.

பெங்களூர் ரோடு ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு போகிறது. கன்டெய்னர் லாரிகள், குடோன், கார் ஷோரூம். நடுவில் எங்கோ ஊர். டீக்கடையில் மூன்று பேரிடம் கேட்டோம். முதல் ஆள் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன். இரண்டாமவர், "பக்தவத்சலமா? இரும்புக் கடைக்காரரா, பால்காரரா?" என்றார். மூன்றாவது ஒரு பெரியவர், என் வயசு இருக்கும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சி.எம்.மா இருந்தாரே, அவரா? ஏன் சார், சொத்து விவகாரமா?" என்று கேட்டார். பையனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேச்சுப் போட்டி என்று சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்து ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நெல் விளைந்தது என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் வேர்ஹவுஸின் நீலத் தகரக் கூரைதான் தெரிந்தது. பக்தவத்சலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "அரிசி". அவ்வளவுதான். டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

4-10-2025, சனி

புரட்டாசி மூன்றாம் சனி. என் வீட்டுக்காரி நேற்றிரவே சொல்லிவிட்டாள், திருநின்றவூர் போக வேண்டும் என்று. பையனும் கிளம்பினான். அவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே பெருமாளின் பெயரே பக்தவத்சலப் பெருமாள்தான்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று வழியெல்லாம் பெருமை. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பக்தவத்சலம் இருப்பது அந்தப் பெருமாளாலும்தான். நசரத்பேட்டையிலும் எதற்கும் இரும்புக் கடையா, பால்காரரா என்று கேட்டார்களே.

ரயில் ஆவடியைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் கை காட்டினேன். 1955 ஜனவரியில் இங்கேதான் காங்கிரஸ் மாநாடு. தலைவர் யு.என். தேபர். நேரு வந்திருந்தார். சோஷலிச மாதிரி சமுதாயம் என்ற தீர்மானம் இங்கே போட்டதுதான். மாநாட்டுப் பந்தலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்த எங்கள் கிராமத்திலிருந்து அப்பா மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அம்மா இடுப்பில் நானும் இருந்தேனாம், ஒன்றரை வயசு. நேருவைப் பார்த்தேனா என்று பிறகு அம்மாவைக் கேட்டிருக்கிறேன். "நீ எங்க பாத்தே, தூங்கினே. நாங்களே தொப்பியைத்தான் பாத்தோம்" என்பாள்.

அதற்கு முந்தின வருஷத்துக் கதையையும் சொன்னேன். 1954-ல் முதலமைச்சர் யார் என்று கட்சிக்குள் போட்டி. காமராஜரை எதிர்த்து சி. சுப்பிரமணியம் நின்றார். சுப்பிரமணியம் பக்கம் இருந்தவர் பக்தவத்சலம். ஜெயித்த காமராஜர் அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு மந்திரியாக்கினார். "எங்க கிளாஸ் லீடரா இருந்தா பெஞ்சு மாத்திருப்பான்" என்றான் பையன்.

கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தாயார் சன்னிதியில் நிற்கும்போது வீட்டுக்காரி அவனுக்கு ஸ்தலக் கதை சொன்னாள். திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பாடாமல் போய்விட்டார். 'என்னைப் பெற்ற தாயார்' என்பதுதான் அங்கே தாயாருக்குப் பெயர்; அவள் கோபித்துக்கொண்டு பெருமாளை ஆழ்வார் பின்னாலேயே அனுப்பி, பாட்டு வாங்கிவரச் சொன்னாள் என்று. விட்டுப்போனவரைப் பற்றி ஒரு வரியாவது சொல்லுங்கள் என்று கடவுளே பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது.

5-10-2025, ஞாயிறு

ராத்திரி சாப்பிட்டபின் பையன் நோட்டைக் கொண்டுவந்தான். நேற்றும் இன்றும் அவனே போனில் தேடி எழுதியிருக்கிறான். 1937-ல் திருவள்ளூரிலிருந்து சட்டசபை. 1940 தனிநபர் சத்தியாகிரகம், 1942 வெள்ளையனே வெளியேறு, இரண்டுக்கும் சிறை. விடுதலை 1944-ல். நாடு விடுதலை அடைந்தபோது ஓமந்தூரார் மந்திரி சபையில் பொதுப்பணித் துறை. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் வருஷங்கள் சரி.

அடுத்த பக்கத்தில் 1965 என்று போட்டுக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

"தாத்தா, சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனவர் ஆட்சியில ஸ்டூடண்ட்ஸை ஏன் சுட்டாங்க?"

வெர்னியர் வைத்து நூலளவு பார்க்கத் தெரிந்த கைக்கு இதற்கு அளவு தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். போய்ப் படுத்தும் தூக்கம் இல்லை.

6-10-2025, திங்கள்

பள்ளி திறந்தாச்சு. பையன் கிளம்பியதும் கோயம்புத்தூருக்கு அண்ணனைக் கூப்பிட்டேன். எண்பது வயசு. காது மந்தம், குரல் மட்டும் மேடைக் குரல்.

"யாரைப் பத்திப் பேசப் போறான்? பக்தவத்சலமா? ஏன், ஊர்ல வேற ஆளே கிடைக்கலயா?"

அரை மணி நேரம் திட்டினான். நான் போனைச் சற்றுத் தள்ளியே பிடித்திருந்தேன். அவன் கோபம் எனக்குப் புதுசில்லை.

65 ஜனவரி 26. இந்தி ஆட்சி மொழியாகும் நாள் என்பதால் அன்றைக்குத் துக்க நாள் என்று தி.மு.க. அறிவித்திருந்தது. தலைவர்களை முன்கூட்டியே பிடித்து உள்ளே போட்டாயிற்று. அண்ணன் சென்னையில் டிகிரி படித்துக்கொண்டிருந்தான். அன்று விடியற்காலையில் ஊருக்கு வந்து எங்கள் கூரை மேல் கறுப்புக் கொடி கட்டினான். துணி ஏது? அம்மாவின் கிழிந்த குடையிலிருந்து கம்பியைப் பிரித்து எடுத்தது. வருஷா வருஷம் அன்றைக்கு வாசலில் தேசியக் கொடி ஏற்றுகிறவர் அப்பா. கதர் வேட்டி, கதர்த் தொப்பி. கூரையைப் பார்த்தார். ஏணி போட்டு ஏறினார். கொடியைக் கிழிக்கவில்லை, கொளுத்தவில்லை. முடிச்சை அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார். அடுத்த சந்தையில் அந்தத் துணியைக் குடை ரிப்பேர்க்காரனிடம் கொடுத்து மறுபடி குடையில் தைத்து வாங்கிவந்தார். அண்ணனிடம் பேசுவதை அன்றோடு நிறுத்தினார்.

அன்றே கோடம்பாக்கத்தில் சிவலிங்கம் தீக்குளித்தார், மறுநாள் விருகம்பாக்கத்தில் அரங்கநாதன். சிதம்பரத்தில் மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் பொள்ளாச்சி. அரசாங்கம் சொன்ன கணக்கே எழுபதை ஒட்டி வந்தது. டில்லியில் மந்திரிகளாக இருந்த சி. சுப்பிரமணியமும் எங்கள் செங்கல்பட்டு எம்.பி. ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். இங்கே கோட்டையில் இருந்தவர் அசையவில்லை. தொந்தரவு செய்கிறவர்களை அடக்குவது சர்க்கார் வேலை என்பதே அவர் நிலை.

"32-ல ஜனவரி 26-க்கு அவரைப் பிடிச்சு உள்ள வச்ச வெள்ளைக்காரனும் அதையேதான்டா சொன்னான்" என்றான் அண்ணன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவன் கத்தாமல் சொன்னான்.

அவன் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஆனாலும் அது முழுசு இல்லை என்றும் படுகிறது. இத்தனை வருஷம் ஜெயிலில் இருந்து, சுதந்திரம் வாங்கி, சட்டசபை கட்டி, அதில் ஓட்டுப் போட்டுத் தீர்மானித்ததை எதிர்த்து எவனும் தெருவுக்கு வரக்கூடாது என்று அவர் நிஜமாகவே நம்பியிருக்கலாம். வாங்கிக் கொடுத்தவருக்கே அது வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது என்பது கடைசியாகத்தான் தெரிகிறது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு அரை மணி.

7-10-2025, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து மழை. தெருமுனையில் கணுக்கால் தண்ணீர், பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவைத்து ஒரு முருங்கைக் கிளையை நட்டிருக்கிறார்கள். முட்டி வலி. எதுவும் எழுதவில்லை.

8-10-2025, புதன்

பேச்சைப் படித்துக் காட்டினான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: நாலரை நிமிடம். ஒன்றரை நிமிடம் வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதில் சண்டை. முதலில் அவன் கை வைத்தது 1965-ல்.

"நல்ல விஷயமா சொல்லணும்னு மிஸ் சொன்னாங்க."

"பிறந்தநாள் வாழ்த்தா எழுதுற?" என்று கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு உட்காரவைத்து 67-ஐச் சொன்னேன். மழை பொய்த்து, அரிசித் தட்டுப்பாடு. ரேஷனில் வரிசை. என் கையில் பையைக் கொடுத்து அப்பா தனக்கு முன்னால் நிறுத்துவார். குள்ளமாக இருந்ததால் இடுக்கில் புகுந்து முன்னால் போய்விடுவேன். ஒரு தடவை எங்கள் முறை வந்தபோது மூட்டை காலி. அப்பா சாக்கைத் தலைகீழாக உதறச் சொல்லிப் பார்த்தார். உள்ளங்கை நிறைய நொய் விழுந்தது. அதையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

தெருவெல்லாம் 'பக்தவத்சலம் அண்ணாச்சி'யையும் அரிசி விலையையும் சேர்த்து எதுகை போட்ட கோஷம். எட்டு வயசுப் பிள்ளைகள்கூட கத்தினார்கள், நானும் கத்தினேன், அப்பா இல்லாத நேரத்தில். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. தேர்தலில் விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தி.மு.க.வின் ராஜரத்தினத்திடம் தோற்றார். விஷக்கிருமி பரவிவிட்டது என்று அவர் அப்போது சொன்னதாக மேடையில் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். அதற்குப் பிறகு இருபது வருஷம் உயிரோடு இருந்தார். காங்கிரஸ் இங்கே மறுபடி ஆட்சிக்கு வரவில்லை.

பையன் கடைசியில் எஸ்டேட்டையும் வேதாரண்யத்தையும் பாதி குறைத்து, 65-க்கு இரண்டு வாக்கியம் வைத்தான். 'அவர் ஆட்சியில் மொழிக்காகப் போராடிய மாணவர்கள் இறந்தார்கள். மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள்.' நான் ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினேன்.

9-10-2025, வியாழன்

அவன் பள்ளிக்குப் போக, நான் கிண்டிக்குப் போனேன். ரயிலில் சென்ட்ரல், மெட்ரோவில் சின்னமலை, மீதிக்கு ஆட்டோ. ஏன் போனேன் என்று வீட்டுக்காரி கேட்டதற்கு பதில் இல்லை.

காந்தி மண்டப வளாகத்தில் பக்தவத்சலம் நினைவகம். பிறந்தநாள் மரியாதை காலையிலேயே முடிந்துவிட்டது போல. படத்துக்கு மாலை. வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உதிர்ந்த ரோஜா இதழ்களை ஒரு அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். காமராஜருக்கும் ராஜாஜிக்கும் அங்கேயே இடம். அதே வளாகத்தில்தான் மொழிப்போர் தியாகிகள் மணிமண்டபமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடந்தேன். என் முட்டி வேகத்துக்கே அதிக நேரம் ஆகவில்லை.

வேப்ப மர நிழலில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டேன். ஐம்பத்தெட்டு வருஷமாக உள்ளே வைத்திருந்ததை இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. 67-ல் ஓட்டுப் போட்ட அன்று அப்பா குளித்து, கதர் உடுத்தி, தொப்பி வைத்துக்கொண்டு காலையில் போனவர் மத்தியானம்தான் வந்தார். கூட்டம் அதிகம் என்றார் அம்மாவிடம். சாப்பிட உட்கார்ந்தார். அம்மா பரிமாற, நான் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். இடது கையால் வாங்கினார். ஊரில் எல்லார் விரலிலும் அன்று மை. அப்பா விரலில் இல்லை. காதில் மட்டும் துளசி இருந்தது, ராமானுஜர் கோயில் துளசி. நான் பார்த்ததை அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செம்பைக் கீழே வைத்தார். ஓட்டு எண்ணியபின் அண்ணன் சர்க்கரை வாங்கித் தெருவில் கொடுத்துவிட்டு, அப்பா முன்னால் வந்து நின்று, "உங்க ஓட்டு வீணாப் போச்சு" என்றான். அப்போதும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போனில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இடது கைதானே? நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணா. செம்பு வாய்ல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இருந்துச்சு."

"பையன் பேசிட்டானா?"

"இந்நேரம் பேசியிருப்பான்."

"சாயங்காலம் அவன்கிட்ட போனைக் குடு. என்ன பேசினான்னு நான் கேக்கணும்" என்று வைத்துவிட்டான்.

பரிசு கட்டபொம்மனுக்கு. மீசையும் அட்டைக் கத்தியும் வைத்து வந்தானாம். நம்ம ஆள் மூன்று நிமிடம் பத்து வினாடி, மணி அடித்துவிட்டார்கள். மணி அடித்தபிறகுதான் கடைசி வாக்கியத்தைச் சொன்னானாம். இப்போது ஹாலில் உட்கார்ந்து பெரிய தாத்தாவுக்கு மறுபடி முதலிலிருந்து பேசிக்காட்டுகிறான். ஏழு மணிக்கு ஆரம்பித்தது, இன்னும் வேதாரண்யத்தைத் தாண்டவில்லை. அண்ணன் நடுவில் நடுவில் ஏதோ கேட்கிறான்.